மாதம் 750 ரூபாயில் ரெண்டு வருஷம் தாக்குப்பிடிக்கணும்! புதூர் ஐ.டி.ஐ.க்கு வரும் கிராமத்துப் பையன்கள் பாடு

மதுரை,

உசிலம்பட்டி பக்கத்துப் பையன் கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிக்க வேண்டுமானால், விடியும்போதே பஸ் ஏற வேண்டும். ஆரப்பாளையம் வரை சுமார் 40 கி.மீ. அங்கே இறங்கி இன்னொரு பஸ். லேட்டாகப் போனால் வருகைப் பதிவு போச்சு!

கட்டணம் கிடையாது. பஸ் பாஸ், சைக்கிள், யூனிபாரம், ஷூ, புத்தகம் எல்லாம் இலவசம். மாத உதவித்தொகை ரூ.750. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது.

இருந்தும் பாதியில் நின்றுவிடும் பையன்கள் உண்டு. படிப்பு ஏறாமல் அல்ல, வீட்டு நிலைமை அப்படி!

"எதுக்குடா ரெண்டு வருஷம்?"

"கட்டட வேலைக்குப் போனா இந்த 750 ரூபாய ரெண்டே நாள்ல எடுத்துரலாம். எதுக்குடா ரெண்டு வருஷம்?" என்பது சொந்தக்காரர்கள் கேள்வி. அப்பா நோயில் படுத்துவிட்ட வீட்டில் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். பலசரக்குக் கடையில் சர்டிபிகேட் தரப்போவதாகச் சொல்லி அரிசி வாங்க முடியாதே!

சரி, கொஞ்ச நாள் கொத்தனாருடன் போய்விட்டுத் திரும்பலாம் என்றால், 80 சதவீத வருகை இல்லாதவர் பரீட்சை எழுத முடியாது.

ஒரே வருஷத்தில் முடியும் வெல்டர் பிரிவு இருக்கிறது. 8-ம் வகுப்பு தேறினால் போதும். அவசரக் குடும்பத்துக்கு அது தோது.

வாய் திறக்க பயம்

வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்தால் மயிரிழை அளவைக்கூடச் சரியாகச் சொல்லும் பையன், இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ப்" என்றதும் வியர்த்துப் போகிறான். அதற்காகத்தான் ஐ.டி.ஐ. பாடத்தில் 'வேலைவாய்ப்புத் திறன்' கட்டாயப் பாடம். விண்ணப்பம் எழுதுவது, அதிகாரி முன் பேசுவது, கம்ப்யூட்டர் எல்லாம் அதில் அடக்கம். லேத் பட்டறைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டால், கம்பெனிக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டம் சொல்வது

படித்து முடித்தவரை அப்ரண்டிசாக எடுக்க 1961-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்திய விதிப்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஐ.டி.ஐ. சர்டிபிகேட் உள்ளவருக்கு மாதம் குறைந்தது ரூ.7,000 என்று அந்த விதி நிர்ணயித்தது.

புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் உள்ள சின்னப் பட்டறைக்காரர்கள், "இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்" என்று ஒதுங்க வேண்டியதில்லை. 4 பேர் வேலை செய்யும் பட்டறையும் விருப்பப்பட்டால் அப்ரண்டிஸ் எடுக்கலாம்.