உங்களுக்குத் தெரியுமா? பாட்டுக்கும் நடிப்புக்கும் படிப்புதவி

பள்ளிக் கலைத் திருவிழாவில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் படம் அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும். கோப்பை டி.வி. பக்கத்தில் ஏறிவிடும். அடுத்த மாதம் பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி பக்கத்துப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சில தகவல்களும், கூடவே நம் மாவட்டத்துப் பழைய கதைகள் சிலவும் இந்த வாரம்.

✦ பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளில் கலைத்திறன் உள்ளவர்களைத் தேடிப்பிடித்து உதவித்தொகை தர மத்திய அரசில் தனித் திட்டமே இருக்கிறது. 1979-இல் தொடங்கிய பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் (சி.சி.ஆர்.டி.) 1982 முதல் இதை நடத்தி வருகிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 650 இடங்கள். வாய்ப்பாட்டு, வாத்தியம், நடனம், மரபு நாடகம், ஓவியம், சிற்பம், அருகிவரும் அபூர்வக் கலைகள் என்று எதில் பயிற்சி பெறும் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். நடுவர்கள் முன்னால் செய்து காட்டித்தான் தேர்வாக வேண்டும்.

இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 3,600 ரூபாய் உதவித்தொகை. மாதக் கணக்குப் போட்டால் 300 ரூபாய்தான். ஆனால் குருவுக்குக் கட்டும் கட்டணத்தை ஆண்டுக்கு 9,000 ரூபாய் வரை தனியாகத் திருப்பித் தருகிறார்கள். வாத்தியார் சம்பளம் என்ற பெரிய பாரம் குறைகிறது. பரிசுப் பணத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பரிசு ஒரு நாளோடு முடிந்துவிடும். இதுவோ, பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்த்து இரண்டிரண்டு ஆண்டாக நீட்டிக்கப்பட்டு, இருபது வயது வரையோ முதல் பட்டப்படிப்பு வரையோ கூடவே வரும். பதினோரு வயதில் மிருதங்கத்தில் கை வைத்த பையனுக்கு ஒன்பது ஆண்டுத் துணை!

✦ அந்த 650-இல் 125 இடங்கள் பரம்பரையாகக் கலைத்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. மற்றவர்கள் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதியிலிருந்தும் இவர்களுக்கு விலக்கு உண்டு. நாயனக்காரர் வீட்டுப் பெண்ணும் தவில்காரர் வீட்டுப் பையனும் நாடகக்காரர் வீட்டுப் பிள்ளையும் இந்தக் கணக்கில் வரலாம். பழங்குடிப் பண்பாட்டுக் கலைகளுக்கு 100, இலக்கியப் படைப்புக்கு 30, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு 20 என்று வேறு ஒதுக்கீடுகளும் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், தலைமுறை தலைமுறையாக வாசிக்கிற வீடுகளுக்குத்தான் இந்தச் செய்தி கடைசியாகப் போய்ச் சேருகிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம். கோயிலில் வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற நாயனக்காரரிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

✦ கோயில் திருவிழாவில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தை நம் பக்கத்தில் பார்க்காதவர் குறைவு. மேடை ஓரத்தில் ஆர்மோனியம், எதிரே மிருதங்கம், பக்கத்தில் ஆல்ரவுண்ட் தாளக்காரர். பபூன் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். நடுநிசிக்கு மேல் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடு பிடிக்கும்போது தூங்கிய பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த நாடகத்தை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). இது பலருக்கும் தெரியும்.

அவரை வளர்த்ததில் புதுக்கோட்டைக்கு இருக்கும் பங்கு அவ்வளவாகத் தெரியாது. நடிப்பை விட்டுவிட்டு, தலயாத்திரையாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த சுவாமிகள் புதுக்கோட்டைக்கு வந்தபோது, கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டு ஆதரித்தார். தாள நுட்பங்களையும் திருப்புகழின் சந்தங்களையும் சுவாமிகள் கற்றது அவரிடம்தான். பிறகு நாடகத்துக்குத் திரும்பி அறுபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். விண்ணப்பப் படிவமும் நடுவர்களும் இல்லாத காலத்தில், ஒரு சங்கீத வித்துவான் ஒரு நாடகக்காரருக்குக் கொடுத்த படிப்புதவி என்றே இதைச் சொல்வேன். இன்றைக்கும் விடிய விடிய ஊரே உட்கார்ந்து கேட்கிறதே, அதில் மான்பூண்டியா பிள்ளை வீட்டுச் சாப்பாடும் கலந்திருக்கிறது.

✦ சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் நாடக நடிகராகப் பெயர் பெற்ற டி.கே. சண்முகத்துக்கு அதில் சேர்ந்தபோது ஆறு வயது. அந்தப் பையன் அபிமன்யுவாக நடிக்க வேண்டும் என்பதற்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள். ஒரு சிறுவனின் திறமையை நம்பி ஒரு முழு நாடகம்!

✦ கஞ்சிரா இன்று கச்சேரி மேடையில் ஏறியிருப்பதற்கு மான்பூண்டியா பிள்ளைதான் காரணம். பலா மரச் சட்டம், உடும்புத் தோல், சட்டத்தில் ஓர் இடுக்கில் கோத்த காசுகள், இவ்வளவுதான் அந்த வாத்தியம். வாசிக்கும் முன் தோலின் உட்புறத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தடவினால்தான் கீழ்நாதம் பேசும். தண்ணீர் அதிகமானால் சத்தம் அமுங்கிப்போகும். உடும்பு இப்போது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஆகவே புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு ஆட்டுத்தோல் கஞ்சிராவோ செயற்கைத் தோல் போட்டதோ வாங்கிக் கொடுங்கள்.

✦ மான்பூண்டியா பிள்ளையின் மாணவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. இன்னொரு மாணவர் பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகன்தான் இடது கை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. 'புதுக்கோட்டை பாணி' என்று தாள உலகம் மரியாதையோடு சொல்வது இந்த வழியைத்தான்.

✦ பாடி நடிக்கும் பையன்களுக்கு வரும் பெரிய சோதனை மகரக்கட்டு. குரல் உடையும் அந்த ஓரிரண்டு ஆண்டில் நேற்றுவரை எட்டிய சுருதி இன்று எட்டாது. புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பா (1916–1951) சிறுவனாகவே நாடகத்தில் சேர்ந்து, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நட்சத்திரமாக இருந்தவர். எம்.ஜி.ஆரும் அதே கம்பெனியில் வளர்ந்தவர்தான். குரல் உடைந்ததும் சின்னப்பா கம்பெனியை விட்டு வெளியே வர நேர்ந்தது. ஊருக்குத் திரும்பியவர் முறையாகச் சங்கீதம் கற்றார், சிலம்பமும் பளு தூக்குதலும் பழகினார். பிறகு 'உத்தமபுத்திரன்' (1940), 'கண்ணகி' (1942), 'ஜகதலப்பிரதாபன்' (1944) என்று தமிழ்நாடே அவர் குரலுக்காகக் காத்திருந்தது. பதினான்கு, பதினைந்து வயதில் பையனுடைய குரல் கரகரத்தால் "இனி பாட்டு வராது" என்று வகுப்பை நிறுத்திவிடும் வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன். நிறுத்தாதீர்கள். அந்தக் காலத்தில் வாத்தியம் ஒன்று பழகட்டும், தாளம் போடட்டும், கேட்கட்டும். உதவித்தொகையை இருபது வயது வரை நீட்டிக்க இடம் வைத்திருப்பது இந்த வகையில் பெரிய நன்மை.

✦ இங்கிலாந்தில் இசையமைப்பாளர் மெண்டல்சன் பெயரால் ஏற்பட்ட இசை உதவித்தொகை 1856-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது வென்றவர் ஆர்தர் சல்லிவன். வயது 14. அந்தத் தொகையின் துணையில்தான் பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் நகரம் வரை போய்ப் படித்தார். ஆங்கில இசை நாடகத்தில் பெரும் பெயர் எடுத்தவர் இவர்.

✦ புதுக்கோட்டைக்கு மேற்கே குடுமியான்மலையில் குடவரைக் கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு கிராம ராகங்களுக்கான சுரக் கோவைகளைக் கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதைச் செய்வித்தவர் உருத்திராசாரியாரின் மாணவரான ஓர் அரசர் என்றும், மாணவர்களின் நன்மைக்காகச் செய்யப்பட்டது என்றும் அந்தக் கல்வெட்டே சொல்கிறது. கோயில் கல்வெட்டு என்றால் நில தானமும் விளக்குக் கொடையுமே நினைவுக்கு வரும். இங்கே இசை படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு மலைப்பாறை! பாட்டு கற்கும் பிள்ளையை ஒருமுறை அங்கே கூட்டிப்போய் அந்த எழுத்துகளைக் காட்டுங்கள்.

✦ தமிழக அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா 2022–23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் போட்டி. மாநில அளவில் வெல்பவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' பட்டம் உண்டு. சிறந்தவர்களை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதாகவும் அரசு அறிவித்தது. பறையும் வில்லுப்பாட்டும் தனிநபர் நடிப்பும் கர்னாடக சங்கீதத்தோடு ஒரே பட்டியலில் இடம்பெற்றதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு 2015 முதல் தேசிய அளவில் 'கலா உத்சவ்' போட்டியும் நடக்கிறது.

இந்த மேடைகளில் கிடைக்கும் சான்றிதழைப் பிரேம் போட்டு மாட்டுவதற்கு முன்னால் நாலு நகல் எடுத்து, தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். பிள்ளை எந்த வயதில் என்ன செய்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எந்த குருவிடம் எத்தனை ஆண்டுப் பயிற்சி என்பதையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

✦ இலங்கையில் அகில இலங்கைத் தமிழ் மொழித் தினப் போட்டி பள்ளி மாணவர்களுக்குப் பெரிய திருவிழா. பேச்சு, கட்டுரையோடு இசை, நடனம், நாடகமும் அதில் உண்டு. கோட்டம், வலயம், மாகாணம் தாண்டித்தான் தேசிய மேடைக்குப் போக முடியும்.

✦ தமிழ் சினிமாவின் கதையை எழுதிவைத்த அறந்தை நாராயணன் நம் ஊர்ப் பெயரைத் தாங்கியவர். டி.வி. நகைச்சுவைப் போட்டி மேடையில் பெயர் வாங்கிய அறந்தாங்கி நிஷாவும் அப்படியே.

✦ 18 முதல் 25 வயது வரை உள்ள கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் தனியாக ஓர் உதவித்தொகை தருகிறது. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. நாடு முழுவதற்கும் 400 இடங்கள். சாஸ்திரிய சங்கீதம், நடனம் மட்டும் அல்ல. நாடகம், மைம், நாட்டுப்புறக் கலை, மெல்லிசை எல்லாம் இதில் அடங்கும். ஏற்கெனவே ஓரளவு தேர்ந்தவர்கள் குருவிடம் மேற்பயிற்சி பெறுவதற்கான பணம் இது. கல்லூரி முடித்துவிட்டு "நாடகமா, வேலையா" என்று திணறும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு அவகாசம் எவ்வளவு பெரியது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

✦ மாவட்டக் கலை மன்றம் வழியாக ஒவ்வொரு மாவட்டத்திலும் வயது வாரியாகக் கலைஞர்களுக்கு விருது தருகிறார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'கலை இளமணி', 19 முதல் 35 வரை 'கலை வளர்மணி'. அதற்கு மேல் சுடர்மணி, நன்மணி, முதுமணி. இளமணிக்கு 4,000, வளர்மணிக்கு 6,000 ரூபாய் பொற்கிழி. தொகை சிறியது. ஆனாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை பிள்ளையின் கலை பதிவாகிறது.

✦ கற்பவருக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதுமா? கற்றுத்தரும் கிழவரின் அடுப்பு எரிய வேண்டாமா? தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தின் குரு–சிஷ்ய திட்டம் இதை யோசித்து அமைத்த ஒன்று. குருவுக்கு மாதம் 7,500, பக்கவாத்தியக்காரருக்கு 3,750, சிஷ்யர் ஒவ்வொருவருக்கும் 1,500 ரூபாய். அழிந்துவரும் கலை ஒன்றைத் தெரிந்தவர் ஊரில் ஒருவரே மிச்சம் என்றால், அவரையும் நாலு இளைஞர்களையும் ஒன்றாக உட்கார வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

✦ ஒரு கணக்கைக் கவனித்தீர்களா? சி.சி.ஆர்.டி.யின் கதவு புதிதாக வருபவர்களுக்குப் பதினான்கு வயதோடு மூடிவிடுகிறது. அமைச்சகத்தின் கதவு பதினெட்டில்தான் திறக்கிறது. இடையில் நாலு ஆண்டு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்து கலையை ஓரங்கட்டுகிற அதே நாலு ஆண்டு! அறந்தாங்கியிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில், புதுக்கோட்டையில் இருக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இந்த இடைவெளிக்கு உதவும். 12 முதல் 25 வயது வரை சேரலாம், மூன்று ஆண்டுப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், தேவாரம், நாதசுரம், தவில் ஆகியவை மாவட்ட இசைப்பள்ளிகளில் சொல்லித்தரும் பாடங்கள். கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். மாணவர்களுக்கு மாதம் 400 ரூபாய் ஊக்கத்தொகையும், போய்வர இலவச பஸ் பாஸும் உண்டு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றுக்கு ஏழாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். தேவாரம், நாதசுரம், தவில் மூன்றுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டு அப்பாவுடன் கோயில் கோயிலாகத் தவில் தூக்கிக்கொண்டு போகும் பையனும் அங்கே மாணவன் ஆகலாம். சேர்க்கை கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். விண்ணப்பத்தைப் பள்ளி அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.