பித்தளைக் கூடும் கடைசல் பட்டறையும்

ஐதராபாத்தின் வடமேற்கே அமைந்த ஜீடிமெட்லாத் தொழிற்பேட்டையை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது. மருந்து ஆலைகளும் இரசாயன ஆலைகளுமே அதன் பெயரைப் பரப்பின. ஆயினும் அவற்றின் இடையிடையே, தகரக் கூரையின் கீழ் இரண்டு மூன்று லேத்துகளோடு இயங்கும் சிறு பட்டறைகளும் நம்மவர் பலருக்குச் சோறிட்டு வருகின்றன. பாலாநகர், சனத்நகர், ஜீடிமெட்லா என்னும் இவ்வட்டாரமே இயந்திரத் தொழிலுக்குப் பழகிய மண். சிகந்திராபாத்தில் 1943இல் தோன்றிய பிராகா டூல்ஸும், பின்னர் வந்த எச்.எம்.டி.யும் இங்கே கை தேர்ந்த தொழிலாளரை உருவாக்கின. 1968இல் பாலாநகரில் நிறுவப்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையம் இன்றும் இளைஞர்களைப் பயிற்றி வருகிறது.

இப்பேட்டையில் டர்னராகப் பணிபுரியும் நம் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஓர் ஐயத்தைக் கொண்டுவந்தார். முன்பின் அறியாத ஒருவர் ஒரு கோணி நிறையக் காலித் தோட்டாக் கூடுகளைப் பட்டறையில் இறக்கி, "இவற்றின் வாயை ஒரே நீளமாக வெட்டிக் கொடுங்கள்; ஒன்றுக்கு இவ்வளவு கூலி" என்றாராம். "பித்தளை வேலைதானே ஐயா, செய்தால் என்ன?" என்பது இளைஞரின் கேள்வி. அதற்கு விடை கூறுமுன், அவ்வேலை இன்னதென்று அறிந்துகொள்வது நலம்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. முனையில் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் பொறி தரும் சிறு கேப், இம்மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. சுடும்போது குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும். கூடு மட்டும் நம் கையில் எஞ்சும். வெடித்த கணத்தில் அது விரிந்து துப்பாக்கியறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, புகை பின்னே வாராமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளிவருகிறது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு இக்குணம் வாய்த்திருப்பதால்தான், அதற்கு ஆங்கிலத்தில் தோட்டாப் பித்தளை என்றே பெயர் வழங்குகிறது.

அமெரிக்கா முதலிய நாடுகளில் இக்கூடுகளை வீட்டிலேயே மீண்டும் நிரப்பிச் சுடுவோர் பலர். விரிந்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணரும்போது பித்தளை முன்நோக்கி நகர்ந்து, கழுத்து நீண்டுவிடுகிறது. வேட்டைக்குப் பெயர்பெற்ற .308 வின்செஸ்டர் கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிக் குறைக்கும் அளவு 2.005 அங்குலம். வேறுபாடு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, கால் மில்லிமீட்டர்தான்! இந்த இம்மியளவை அலட்சியம் செய்தால், நீண்ட வாய் அறையின் விளிம்பில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும். குண்டு உரிய நேரத்தில் விலகாது. அழுத்தம் வரம்பு மீறும். சுடுபவரின் முகத்துக்கு அருகே நிகழ்வது அது என்பதை மறத்தலாகாது.

வெட்டும் முறை நம் டர்னர்களுக்குப் புதிதன்று. கூட்டின் அடியைப் பிடிப்பானில் இறுக்கி, கழுத்தினுள் வழிகாட்டும் தண்டு ஒன்றைச் செலுத்தி, அதனைச் சுற்றியுள்ள வெட்டுப்பல்லை மின்மோட்டாரால் சுழற்றுவர். குறித்த நீளத்தில் தடுப்பு நின்றுவிடும். பிறகு வாயின் உள்ளும் புறமும் பிசிறு நீக்க வேண்டும். உட்பிசிறு நின்றால் குண்டின் மேனியைச் சுரண்டிவிடும். கையால் நாளெல்லாம் செய்யும் வேலையை மோட்டார் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும்.

ஆனால் பித்தளை எல்லாம் ஒரே பித்தளை அன்று. நம் பட்டறைகளுக்கு வரும் கம்பியில் ஈயம் கலந்திருக்கும். வெட்டினால் தூள் தூளாக உதிரும். அதற்கு உளியின் முகத்தைச் சாய்க்காமல் சமமாகத் தீட்டுவதும், துளையூசியின் முனையை மழுக்கி விடுவதும் எந்த மேஸ்திரியும் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவன. இல்லையேல் கருவி பித்தளையைக் கவ்வி இழுத்துவிடும். தோட்டாப் பித்தளையிலோ ஈயம் இல்லை. அது மென்மையானது, இழையிழையாகச் சுருண்டு வரும். கூர் மழுங்கிய பல்லால் வெட்டினால் மெல்லிய வாய் நெளிந்துவிடும். பன்னிரண்டு ஆண்டு லேத்தில் நின்ற கை கூட இங்கே முதல் நாள் சற்றுத் தடுமாறும்.

தொழிற்சாலைகளிலும் வெட்டு உண்டு. பித்தளைத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, காய்ச்சித் தணித்து, மீண்டும் மீண்டும் இழுத்து நீட்டுவர். ஒவ்வோர் இழுப்பிலும் விளிம்பு காதுகாதாக மேடுபள்ளம் ஆகும். அதனை இடையிடையே நறுக்கிச் சமமாக்குவர். கல்கத்தாவை அடுத்த டம்டம், புனேயை அடுத்த கட்கி ஆகிய இடங்கள் தோட்டாத் தொழிலில் பழம்பெயர் பெற்றவை. நம் நீலகிரியின் அருவங்காட்டில் நூற்றாண்டு கடந்த கார்டைட் ஆலை உந்துமருந்து செய்கிறது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

இவ்விடத்தில் ஒரு விந்தை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியப் படைகளின் தோட்டாக் கூடுகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே வெடித்துக் கீறல் கண்டன. பருவத்தோடு வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயரிட்டனர். காரணம் 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தனர்; குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, இழுவிசை உள்ளே தங்கியிருந்த பித்தளையை அரித்துவிட்டது! மெல்லச் சூடேற்றி அவ்விசையைத் தணிப்பது பரிகாரமாயிற்று. பித்தளைச் சாமானை அமோனியா கலந்த திரவத்தால் துலக்கும் இல்லத்தரசிகளும் இதனை நினைவிற் கொள்ளலாம்.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் தோட்டாவை மட்டும் தோட்டா என்று கருதவில்லை. அதன் பகுதிகளையும், அதனைச் செய்யும் இயந்திரங்களையும் அச்சொல்லுள் அடக்கிவிட்டது. உரிமமின்றி அவற்றைச் செய்வது குற்றம். 2019இல் வந்த திருத்தத்தின்படி அதற்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை. ஆயுள் வரையும் நீளக்கூடும். கூலிக்கு வெட்டினேன், வேறொன்றும் அறியேன் என்பது வழக்குமன்றத்தில் எவ்வளவு தூரம் செல்லும்? ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஜாமீனுக்கு ஆள் தேடும் நிலை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். உரிமம் பெற்ற நிறுவனம் எழுத்து மூலமான ஆணையோடும் உரிமத்தின் நகலோடும் வந்தால் அது வேறு. கோணியோடு வருபவரிடம் அவை இரா.

விளையாட்டுக்காக என்று சொல்வாரும் உண்டு. விளையாட்டில் பெரிதும் வழங்கும் .22 தோட்டாவில் பொறிமருந்து அடிவிளிம்பிலேயே தடவப்பட்டிருப்பதால் அதனை மீண்டும் நிரப்பும் வழக்கமில்லை. சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012இல் இலண்டனில் வெண்கலம் வென்றதோ காற்றுத் துப்பாக்கியால்; அதற்குக் கூடே இல்லை.

அந்த இளைஞர் கோணியைத் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய பித்தளை வாங்கி உருக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். 2004இல் காஸியாபாத்தை அடுத்த சாஹிபாபாத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த எறிகுண்டுகள் வெடித்துப் பத்துத் தொழிலாளர் மாண்டனர். மூட்டையைக் கொட்டியதும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அடியில் உள்ள கேப்பின் நடுவே குழி விழுந்திருந்தால் ஊசி தட்டியது என்று அறியலாம். ஆயினும் அதுவே முழு உறுதி அன்று. முனையில் குண்டு நிற்கும் ஒன்றைக் கண்டால் வைஸில் இறுக்கவோ, அரத்தால் தேய்க்கவோ, உலையருகே கொண்டுசெல்லவோ வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, ஆட்களை அகற்றி, 112 என்ற எண்ணில் காவல்துறையை அழையுங்கள்.