துணை விளக்கின் ஸ்விட்ச் பழுதுபட்டால்

மார்கழி, தை மாதங்களில் டில்லி, கான்பூர், லக்னோ முதலிய நகரங்களில் விடியற்காலையில் படியும் மூடுபனியை அங்கு வாழும் நேயர்கள் நன்கு அறிவார்கள். முன்னே செல்லும் லாரி மிக அருகில் வந்த பிறகே கண்ணுக்குப் புலப்படும். தலைவிளக்கின் ஒளியோ பனித்திரையில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்கிறது. ஆதலின், மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் தாழ்வாக ஒரு ஜோடித் துணை விளக்குகளைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. இவை பயணத்தின் நடுவில் திடீரென்று அணைந்துவிடுமானால், தொடக்கத்திலிருந்தே இல்லாதிருப்பதைக் காட்டிலும் ஆபத்து அதிகம். அவ்வொளியை நம்பியன்றோ நாம் வேகத்தை வகுத்துக்கொண்டு செல்கிறோம்!

விளக்கு எரியாவிட்டால் முதலில் பழி ஏற்பது ஸ்விட்ச்தான். பட்டறைக்காரர் ‘கராப்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவார். புதிய ஸ்விட்ச் மாட்டப்படும். சில நாட்களில் விளக்கு மீண்டும் கண் மூடும். உண்மையான குற்றவாளி வேறிடத்தில் ஒளிந்திருப்பதே காரணம். அதைக் கண்டுபிடிக்க, மின்னோட்டம் செல்லும் வழியை அறிதல் வேண்டும்.

55 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் மொத்தம் 110 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து இதற்கு 9 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தேவை. கைப்பிடியிலுள்ள சிறிய ஸ்விட்ச் இவ்வளவைத் தாங்காது. உள்ளே தொடுமுனைகள் சூடேறிக் கருகும். இதற்காகவே இடையில் ரிலே என்னும் கருவி வைக்கப்படுகிறது. ரிலேயின் கம்பிச்சுருள் கால் ஆம்பியருக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். மதகைத் திறக்கும்படி காவலனுக்குக் குரல் கொடுப்பது போன்றது ஸ்விட்சின் வேலை. மதகைத் திறப்பது ரிலே. கம்பிச்சுருளின் முனைகளுக்கு 85, 86 என்றும், பாட்டரியிலிருந்து வரும் முனைக்கு 30 என்றும், விளக்குக்குச் செல்லும் முனைக்கு 87 என்றும் எண் பொறித்திருப்பார்கள். ரிலே இல்லாமல் விளக்கை நேராக ஸ்விட்சில் இணைத்திருந்து, ஸ்விட்ச் தொட்டால் சுடுமானால், எத்தனை புதிய ஸ்விட்ச் வாங்கினாலும் பயனில்லை. ரிலேதான் பொருத்த வேண்டும்.

இரு விளக்குகளில் ஒன்று மட்டும் எரியவில்லையென்றால் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம். பல்பையும் அதன் எர்த் கம்பியையும் பாருங்கள். இரண்டும் ஒருசேர அணைந்தால் முதலில் பியூஸ். அது எரிந்து போயிருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அதிக ஆம்பியர் பியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

பியூஸ் நன்றாயிருந்தால், எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, அமைதியான இடத்தில் ஸ்விட்சை அழுத்துங்கள். ரிலேயிலிருந்து ‘டிக்’ என்று ஓசை எழுகிறதா? எழுந்தால் ஸ்விட்ச் குற்றமற்றது. ரிலேயின் உட்புறத் தொடுமுனையிலோ, விளக்குக்குச் செல்லும் கம்பியிலோ, எர்த்திலோ கோளாறு. ஓசை இல்லையென்றால்தான் ஸ்விட்சின் மீது ஐயம் கொள்ளலாம்.

அப்பொழுதும் அவசரப்படலாகாது. ஸ்விட்சை இயக்கி வைத்து, கைப்பிடியை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெல்லத் திருப்புங்கள். விளக்கு மினுக்கினால், கைப்பிடி திரும்பும் கழுத்தருகே கம்பி ஒடிந்திருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி மடங்கி உள்ளேயுள்ள செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலுறையோ புதிது போலவே இருக்கும். என் கருத்தில், ஸ்விட்சின் பெயரால் மிகுதியாகத் தப்பித்துக்கொள்ளும் பழுது இதுவே.

அடுத்தது சோதனை விளக்கு. 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றும் இரண்டு கம்பித் துண்டுகளும் போதும். ஒரு முனையைச் சட்டத்தின் வண்ணம் பூசாத உலோகத்தில் வைத்து, மறு முனையால் ஸ்விட்சுக்குள் வரும் கம்பியைத் தொடுங்கள். எரியாவிட்டால் ஸ்விட்சுக்கு மின்சாரமே வரவில்லை. எரிந்தால், ஸ்விட்சை இயக்கி வெளிச்செல்லும் கம்பியைத் தொடுங்கள். அங்கே எரியவில்லையென்றால் பழுது ஸ்விட்சில்தான். மங்கலாக எரிந்தால் தொடுமுனை கரியேறியிருக்கும். மல்டிமீட்டர் உள்ளவர்கள், உள்வரும் மின்சாரத்தை உறுதி செய்தபின், இயக்கிய நிலையில் ஸ்விட்சின் இரு முனைகளுக்கிடையே அளக்கலாம். ஏறக்குறைய பூஜ்யம் காட்டுவதே முறை. ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் தொடுமுனை சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

இரு கம்பிகளையும் கழற்றி ஒன்றாக முறுக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். உள்ளே சிறு ஒளிப்பொட்டு உள்ள ஸ்விட்சுகளில் இதைச் செய்யாதீர்கள். அவற்றின் மூன்றாவது கம்பி எர்த்துக்குச் செல்வது. அதை வரும் கம்பியுடன் இணைத்தால் பியூஸ் போய்விடும்.

பழுது உறுதியானால், சாவியை அணைத்து, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றும்பொழுது ஸ்பானர் சட்டத்தில் பட்டால் பொறி பறக்கும். ஸ்விட்சைத் திறந்தால் பம்பாய், கோழிக்கோடு போன்ற கடற்கரை ஊர்களில் பச்சைக் களிம்பையும், ராஜஸ்தானத்தில் மணலையும் காணலாம். மின்தொடுமுனைகளுக்கென்று விற்கும் தெளிப்புத் திரவத்தால் கழுவி உலர்த்தினால் போதும். அரத்தால் தேய்த்தால் முனைமேல் பூசிய மெல்லிய உலோகப் பூச்சுப் போய்விடும். வண்டி கழுவும் இடங்களில் வேகமாகப் பாய்ச்சும் நீர் ஸ்விட்சுக்குள் புகுவதே பெரும்பாலான களிம்புக்குக் காரணம். கழுவும் முன் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுங்கள்.

வில் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். டில்லி கரோல் பாகிலும், கொல்கத்தா மல்லிக் பஜாரிலும், பெங்களூர் ஜே.சி. சாலையிலும் உதிரிப் பாகங்கள் கிடைக்கும். மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. ஸ்விட்ச், ரிலே, பியூஸ், எர்த், ஷார்ட் ஆகிய ஐந்து சொற்களும் எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் செல்லுபடியாகும். ‘டிக் ஓசை வருகிறது, ஒளி வரவில்லை’ என்பதைச் சைகையால் உணர்த்தினாலும், தொழில் தெரிந்தவர் ஸ்விட்சை விட்டுவிட்டு ரிலேயின் பக்கம் கை வைப்பார்.