பில்லியன் என்பது எத்தனை?

எண்ணுப் பெயர்கள் ஐயத்துக்கு இடந்தராதவை என்பது பொதுவான எண்ணம். நூறு என்றால் எந்நாட்டிலும் நூறே. ஆனால், செய்திகளில் நாள்தோறும் அடிபடும் 'பில்லியன்' என்னும் ஆங்கிலச் சொல் இவ்விதிக்கு விலக்காக அமைந்தது. ஆங்கிலம் பேசும் இரு பெருநாடுகள் அதனை நெடுங்காலம் இரு வேறு தொகைகளுக்கு வழங்கி வந்தன.

மில்லியன் என்பது பத்து இலட்சம். இதில் கருத்து வேறுபாடில்லை. 1484ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் நிக்கொலா சூக்கே, இலக்கங்களை ஆறாறாகப் பிரித்து, மில்லியனை மில்லியனாற் பெருக்கி வரும் தொகையைப் பில்லியன் எனக் குறித்தார். சொல்லின் முதலிலுள்ள 'பி' இரண்டைச் சுட்டும். தமிழ்க் கணக்கில் இஃது ஓர் இலட்சம் கோடி. பிற்காலத்தில் பிரான்சிலேயே சிலர் இலக்கங்களை மும்மூன்றாகப் பிரித்து, ஆயிரம் மில்லியனை, அதாவது நூறு கோடியை, பில்லியன் என்றனர். அமெரிக்கர் பின்னதை ஏற்றனர். பிரித்தானியர் முன்னதையே போற்றினர்.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு. நூறு கோடி விநாடிகள் கழிய ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகள் போதும்; ஒரு மனிதன் தன் வாழ்நாளிலேயே அதனைக் கண்டுவிடலாம். இலட்சம் கோடி விநாடிகளுக்கோ முப்பத்தோராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்!

1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிரித்தானியப் பிரதமர் ஹரல்ட் வில்சன், அமைச்சர்கள் பில்லியனை ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே வழங்குவர் எனப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். இன்று ஆங்கிலத்தில் இப்பொருளே நிலைபெற்றுள்ளது. ஜேர்மன் மொழியிலோ பில்லியன் இன்றும் இலட்சம் கோடியையே குறிக்கும். நூறு கோடிக்கு 'மில்லியார்டெ' என்ற தனிச்சொல் உண்டு.

வழக்கு மாறினும் பழைய நூல்கள் மாறுவதில்லை. ஒளி ஓராண்டிற் செல்லும் தொலைவு ஏறக்குறைய ஆறு இலட்சம் கோடி மைல். பழைய பிரித்தானிய வழக்கில் இஃது ஆறு பில்லியன் மைல். இன்றைய பொருளிற் படிப்பவர் அதனை அறுநூறு கோடி மைல் என்றே கொள்வார். நூலும் பிழையன்று, படிப்பவரின் பெருக்கலும் பிழையன்று, சொல்லின் பொருளே இடையில் மாறிவிட்டது.

எனவே, பழைய நூலொன்றில் இச்சொல்லைக் காணும் மாணவர், அந்நூல் எந்நாட்டில், எவ்வாண்டில் வெளிவந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். தமிழில் எழுதுவோர் நூறு கோடி என்றே எழுதிவிடின், ஐயத்துக்கு இடமே இராது.