இருநூறைப் பிரிக்கும் கணக்கு

ராமானுஜன் பெயரைக் கேட்டுப் பெருமை கொள்ளாத தமிழர் இல்லை. அவர் சாதித்தது யாது என்று வினவினாலோ, நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இப்புகழ்ச்சி அவருக்கு நியாயம் செய்வதாகாது என்பதே நமது அபிப்பிராயம். ஓர் எண்ணைக் கொண்டே இதைக் காட்டுவோம்.

4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 10-ஐ 42 விதமாகப் பிரிக்கலாம். 200-க்கு வரும் விடையோ 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388! முன்பு இந்தியாவில் பீரங்கிப் படை அதிகாரியாயிருந்த மக்மாஹன், சிறிய எண்களிலிருந்து படிப்படியாகக் கூட்டியும் கழித்தும் கையாலேயே இதைக் கணித்தார். ராமானுஜனும் ஹார்டியும் 1918-ல் வெளியிட்ட சூத்திரம் முற்றிலும் வேறு வழி. வட்டத்தின் சுற்றளவு விகிதமும் வர்க்க மூலங்களும் விரவிய எட்டு உறுப்புகளைக் கூட்டினார்கள். மக்மாஹன் விடைக்கும் அதற்கும் வித்தியாசம் 0.004 மாத்திரமே. கனவா இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் பார்க்கும்? எப்.ஏ. பரீட்சையில் தேறாதவரென்று அந்நிய சர்க்காரின் கல்விமுறை ஒதுக்கிய மனிதர், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர், உழைத்துக் கண்ட விடை அது.

மக்மாஹன் 200 வரை வகுத்த அட்டவணையில் ராமானுஜன் இன்னொன்றும் கண்டார். 4, 9, 14 என்று, 4-லோ 9-லோ முடியும் எண்களுக்குரிய விடைகள் 5, 30, 135. இவ்வரிசை முழுவதும் 5-ஆல் மீதியின்றி வகுபடும். 1919-ல் அதற்கு நிரூபணமும் தந்தார். 199-க்குரிய 13 இலக்க விடையும் 5-லேயே முடிகிறது.