மாவு பொங்கினால் தண்ணீர் கெட்டது

இட்லி மாவில் நுண்ணுயிர் இருக்கிறதா என்று எந்த வீட்டிலும் நுண்ணோக்கி வைத்துப் பார்ப்பதில்லை. ராத்திரி கரைத்து மூடி வைக்கிறோம். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உள்ளே இருந்தன, தின்றன, பெருகின, புளிப்பையும் வாயுவையும் விட்டன என்பதற்கு அந்தப் பொங்கலே சாட்சி. குடிதண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று அறியும் சோதனையும் இதே வழியில்தான் நடக்கிறது.

புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரு மாணவர் குழு, அரும்பார்த்தபுரம் தாண்டி வில்லியனூர் வரை போர் தண்ணீரையும் பைப் தண்ணீரையும் ஆராயக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் தேடுவது காலராக் கிருமியை அல்ல, டைபாய்டு கிருமியையும் அல்ல. அவை தண்ணீரில் எப்போதாவது, மிகக் குறைவாகவே இருக்கும், பிடிப்பது கடினம். ஏறக்குறைய எல்லா மனிதர்களின் குடலிலும் கோடிக்கணக்கில் வாழும் ஒன்றைத் தேடுவது எளிது. ஜெர்மன் மருத்துவர் தியோடர் எஷரிக் 1885இல் விவரித்த பாக்டீரியா அது. இன்று அவர் பெயராலேயே எஷெரிச்சியா கோலி, சுருக்கமாக ஈ. கோலி. அது தண்ணீரில் இருந்தால் மலம் அந்தத் தண்ணீரைத் தொட்டிருக்கிறது என்று பொருள். மலம் வந்த வழியில் நோய்க்கிருமியும் வரலாம். அதனால்தான் இந்தியத் தரக்குறியீடு ஐஎஸ் 10500, குடிக்கும் தண்ணீர் 100 மில்லியில் ஈ. கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. தெளிவும் ருசியும் இதைக் காட்டிக்கொடுக்காது. இளநீர் போல இனிக்கும் போர் தண்ணீரிலும் அது இருக்கலாம்.

கையால் கரைத்தால்தான் மாவு நன்றாகப் புளிக்கும் என்பார்கள். ஆய்வில் அந்தக் கைதான் முதல் எதிரி. மாணவரின் விரலில் ஒட்டியிருப்பது போத்தலுக்குள் விழுந்தால், குற்றம் தண்ணீர் மேல் போய்விடும். எனவே போத்தலை 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரம் வைத்துக் கிருமி நீக்க வேண்டும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு. வீட்டுக் குக்கரின் அழுத்தமும் ஏறக்குறைய அதேதான். பைப் தண்ணீர் என்றால் போத்தலில் கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரிலுள்ள குளோரின் வழி நெடுக வேலை செய்து, குழாயடியில் உயிரோடு இருந்தவற்றை ஆய்வகம் போய்ச் சேருமுன் கொன்றுவிடும். பிறகு ஐஸ் பெட்டி. மாவை ஃபிரிட்ஜில் வைப்பது எதற்கோ அதற்குத்தான் இதுவும்: பெருக்கம் நிற்க வேண்டும். எடுத்த நேரத்தில் இருந்த எண்ணிக்கையே ஆய்வகத்துக்கும் போக வேண்டும்.

அங்கே காத்திருக்கும் மாவு, மெக்கான்கி சாறு எனப்படும் ஊதா நிறத் திரவம். அதில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் உண்டு. பித்த உப்பும் உண்டு. குடலில் வாழ்ந்து பழகியவை பித்தத்தைத் தாங்கும். மற்ற பல கிருமிகள் தாங்காமல் ஒதுங்கிவிடும். ஒவ்வொரு சோதனைக் குழாய்க்குள்ளும் ஒரு சிறு குழல் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும். தண்ணீரைச் சேர்த்து 37 டிகிரியில் ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் வைக்கிறார்கள். லாக்டோஸைத் தின்னும் கோலிஃபார்ம் கூட்டம் இருந்தால் சாறு புளித்து மஞ்சளாகும். சிறு குழலின் உச்சியில் வாயு குமிழாகச் சேரும். அந்தக் குமிழ்தான் மாவின் பொங்கல்.

இருக்கிறதா என்பதற்கு விடை கிடைத்தது. எவ்வளவு என்பதற்கு? இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தானாகப் புளிக்காதபடி வேகவைத்து ஆறவைத்த மாவில் ஒரு கரண்டி பழைய மாவைக் கலந்தால் புளிக்கும். ஒரு ஸ்பூன் போதுமா? ஒரு சொட்டு? சொட்டே போதுமென்றால் பழைய மாவில் உயிர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கரண்டி நிறைய விட்டால்தான் புளிக்கிறது என்றால் ஆங்காங்கே சிலதான். மாணவர்கள் ஐந்து சோதனைக் குழாய்களில் 10 மில்லி, ஐந்தில் 1 மில்லி, ஐந்தில் 0.1 மில்லி தண்ணீர் விடுவது இதற்காகத்தான். 10 மில்லி விழும் குழாய்களில் சாறு இரட்டைச் செறிவாக இருக்கும், தண்ணீர் சேரும் மாவைக் கெட்டியாக ஆட்டுவதைப் போல. 10 மில்லிக் குழாய்கள் ஐந்திலும் குமிழ், மற்றவற்றில் இல்லை என்றால் இதற்கென உள்ள அட்டவணை சொல்லும் எண் 100 மில்லிக்கு 23. அடுத்த ஐந்திலும் குமிழ் வந்துவிட்டால் 240. ஒன்றையும் கண்ணால் எண்ணவில்லை. எந்த அளவு வரை பொங்கியது என்பதை வைத்து, நிகழ்தகவுக் கணக்கால் வந்த எண் இது. எனவே அதைத் துல்லியமான எண்ணிக்கை என்று அறிக்கையில் எழுதக் கூடாது.

குமிழ் வந்ததெல்லாம் ஈ. கோலியும் அல்ல. மண்ணிலும் செடியிலும் வாழும் கோலிஃபார்ம்களும் உண்டு. குமிழ் வந்த சாற்றில் சிறிது எடுத்துப் புதுச் சாற்றில் விட்டு 44.5 டிகிரியில் வைத்தால், அந்தச் சூட்டில் பெரும்பாலும் குடலிலிருந்து வந்தவையே தொடர்ந்து பொங்கும். உறுதியாகச் சொல்ல அதற்கு மேலும் ஒரு சோதனை வேண்டும்.

இவ்வளவு வசதி இல்லாத பள்ளிக்கும் ஒரு வழி இருக்கிறது. 1982இல் மஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை அது. சத்துக்கரைசலில் நனைத்து உலர்த்திய காகிதம் கிடக்கும் போத்தலில் தண்ணீரை ஊற்றி அறைச் சூட்டிலேயே வைப்பது. மலத்தோடு வரும் பல பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கும். அது கரைசலில் உள்ள இரும்போடு சேர்ந்து போத்தலைக் கறுப்பாக்கும். மூலக்குளத்துக்குப் பக்கத்திலேயே, ரெட்டியார்பாளையம் புதுநகரில், 2024 ஜூன் 11 அன்று பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக ஏறிய நச்சுவாயு மூன்று பேர் உயிரைப் பறித்தது. காற்றில்லாத சாக்கடையில் இப்படிச் சேரும் ஹைட்ரஜன் சல்பைடும், போத்தலைக் கறுக்கவைப்பதும் ஒரே வாயு.

போர் தண்ணீரில் இந்த முறை ஏமாற்றவும் கூடும். மலமே கலக்காத ஆழ்நிலத் தண்ணீரிலும் கந்தகத்தில் பிழைக்கும் பாக்டீரியாக்கள் இருந்தால் போத்தல் கறுக்கும். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, கூடவே கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு போத்தலும் சாக்கடை கலந்த வாய்க்கால் தண்ணீர் ஒரு போத்தலும் வைக்க வேண்டும். முதலாவது கறுத்தாலும், இரண்டாவது கறுக்காவிட்டாலும் அன்றைய ஆய்வு செல்லாது. ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் அதே குழாயடிகளில் தண்ணீர் எடுப்பது அவசியம். செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதும், உடைந்த பைப்புக்குள் தெருத் தண்ணீர் புகுவதும் மழையில்தான். கறுத்த போத்தலை மாணவர்கள் திறக்காமல் ஆசிரியரிடம் கொடுக்க, அவர் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அழிக்க வேண்டும். மாவு நண்பர்களை வளர்க்கிறது. இது யாரை வளர்த்திருக்கிறது என்று தெரியாது.

உறுதிச் சோதனையும் முடிந்து எண் கைக்கு வர மூன்று நாளாவது ஆகும். தண்ணீர் எடுத்த வீட்டில் அதே தண்ணீரை அன்று சாயங்காலமே குழந்தைகள் குடிப்பார்கள். முதல் குமிழைப் பார்த்தவுடன் அங்கே போய், முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் சொல்லி, அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, குழாய்க்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.