கலங்கிய மனமும் காவலரின் கடமையும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, போக்கிடமற்ற பலருக்குப் புகலிடமாகும். துறவிகளும், இரந்துண்போரும், பௌர்ணமிதோறும் வரும் அடியார்களும் நடக்கும் அப்பாதையில், மனநோயினால் வீட்டையும் உற்றாரையும் இழந்தோரும் உள்ளனர். ஒருவரது மௌனம் நோன்பா, நோயா என்பதைக் கண்டவுடன் கூறிவிட இயலாது. 1896இல் இவ்வூருக்கு வந்து அசைவற்று அமர்ந்திருந்த 16 வயது இளைஞர்மீது சிறுவர்கள் கல்லெறிந்தனர். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று போற்றப்பட்டவர் அவரே. இத்தகைய ஊரில், மனங்கலங்கித் திரியும் ஒருவரைக் காணும் காவலர் செய்ய வேண்டியது யாது? சட்டம் கூறும் விடையை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

முன்னிருந்த 1912, 1987ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, திரியும் மனநோயாளரைக் காவலர் நடுவர்முன் நிறுத்தினர். குற்றமே செய்யாத பலர், பாதுகாப்பு என்னும் பெயரால் சிறையில் அடைக்கப்பட்டனர். மேற்கு வங்கச் சிறைகளில் இருந்த இத்தகையோரைக் குறித்து ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், 1993இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், காவலரின் பாதையை மருத்துவமனை நோக்கித் திருப்பியது. அதன் 100ஆம் பிரிவின்படி, மனநோயினால் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாது திரிபவரைக் காவல் நிலையப் பொறுப்பதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். எந்நிலையிலும் அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைத்தலாகாது. வீடற்றவராயின், காணாமற்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தாரைத் தேட வேண்டும். நோயா நோன்பா என்று முடிவு கூறும் பொறுப்பு மருத்துவருடையது.

குற்றம் சாட்டப்பட்டவர் மனநோயாளராயின் இரு கேள்விகள் எழுகின்றன. குற்றம் நிகழ்ந்தபோது தம் செயலின் தன்மையை அவர் அறிந்திருந்தாரா என்பது ஒன்று. இன்று தம் வழக்கை எதிர்கொள்ளும் மனநிலை அவருக்கு உண்டா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை இல்லை என்பதாயின் விசாரணை ஒத்திவைக்கப்படும். அங்ஙனம் ஒத்திவைத்தபின் மறந்துவிடுவதே பெருங்கேடு. அசாம் மாநிலத்து மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் நலமடைந்தார் என்று 1967இல் மருத்துவர்கள் தெரிவித்தும், வீட்டிற்கு அனுப்பப்படாமல் குவாஹாட்டிச் சிறைக்கு மாற்றப்பட்டார். விசாரணையின்றி 54 ஆண்டுகள் கழிந்தபின் 2005இல் விடுதலையானார். அவரை நினைவுபடுத்த வெளியே எவரும் இல்லை.

இதனாலேயே சிறை மருத்துவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்திற்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. மேலும், 2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369ஆம் பிரிவு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டாதவரைப் பிணையில் விடுவிக்கக் கட்டளையிடுகிறது. ஆயின், அவரைத் தவறாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், அவரால் தீங்கு நேராது காக்கவும் உறவினர் அல்லது நண்பர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். இன்று சங்கிலியிடுவதைச் சட்டம் முற்றிலும் தடுக்கிறது. மனநோயாளர் ஒருவர் துன்புறுத்தப்படுவதாகவோ கைவிடப்பட்டதாகவோ அறிபவர் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 101ஆம் பிரிவு நம் எல்லாருக்கும் கடமை விதிக்கிறது. கல்லறைகளினிடையே திரிந்த கதரேனர் நாட்டு மனிதரைக் குணமாக்கிய இயேசு, அவரை அவருடைய இனத்தாரிடமே அனுப்பினார். கிரிவலப் பாதையில் திரிபவருக்கு உறவினர் இல்லாதிருக்கலாம். உறவினருக்கு அடுத்தபடியாகச் சட்டம் நண்பருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. அவ்விடத்தில் நிற்க நம் சபைகளிலிருந்து எத்தனை பேர் முன்வருவோம்?